கேட்டுக் கேட்டு, திரும்பச் சொல்லிச் சொல்லி ஜெர்மன் வந்துவிடுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு செவிலியர். ஜெர்மனியில் வேலைக்குப் போக பி2 நிலைத் தேர்ச்சி வேண்டும் என்பதால் நான்கு மாதமாக வகுப்புக்குப் போகிறீர்கள். அங்கே ஆசிரியர் ஓர் உரையாடலை ஒலிக்கவிடுகிறார், எல்லோரும் சேர்ந்து திரும்பச் சொல்கிறீர்கள், அப்புறம் ஒரு சொல்லை மட்டும் மாற்றி மாற்றி அதே வாக்கியத்தைச் சொல்கிறீர்கள். இலக்கணம் கேட்டால் "வாய்க்குப் பழகிவிட்டால் தானாக வரும்" என்கிறார். வகுப்பில் கடகடவென்று வரும் வாக்கியங்கள், ஒரு ஜெர்மானியர் வீடியோ அழைப்பில் கேள்வி கேட்டபோது ஒன்றுகூட வரவில்லை. முறையில் தப்பா, உங்களிடம் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. கேட்டதைத் திரும்பச் சொல்லும் பழக்கம் எப்போது சொந்தப் பேச்சாக மாறுகிறது, எப்போது மாறாமல் நின்றுவிடுகிறது? உங்களிடம் தப்பு இல்லை. உங்கள் ஆசிரியர் செய்வதும் முழுக்கத் தவறில்லை. நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியிராத பயிற்சி காதையும் வாயையும் மட்டும்தான் பழக்கும். என்ன சொல்வது, எந்த வடிவத்தில் சொல்வது என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால்தான் வாக்கியம் அமைக்கும் திறன் வளரும். உங்கள் வகுப்பு முதல் பாதியோடு நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். நான் மொழியியல் படித்துவிட்டுப் பல ஆண்டுகளாகப் பெரியவர்களுக்கு ஜெர்மன் கற்பித்து வருகிறேன். அவர்களில் செவிலியர்கள் நிறைய. சிறு குழந்தைகளுக்குக் கற்பித்ததில்லை. அதனால் நான் சொல்வதைக் குழந்தைகளுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

உங்கள் வகுப்பில் நடக்கும் முறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் அதன் பலமும் பலவீனமும் எங்கிருந்து வந்தன என்று புரியும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது ஜெர்மன், ஜப்பானியம், சீனம், மலாய் போன்ற மொழிகளைப் பேசத் தெரிந்தவர்கள் ராணுவத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அங்கே கல்லூரிகளில் அதுவரை நடந்தது பெரும்பாலும் வாசிப்பும் மொழிபெயர்ப்பும்தான். படித்து முடித்தவரால் ஒரு நூலைப் புரட்ட முடியும், ஒரு கைதியை விசாரிக்க முடியாது. ஆனால் லியனார்டு ப்ளூம்ஃபீல்டு போன்ற மொழியியலாளர்கள் அமெரிக்கப் பழங்குடி மொழிகளை ஆராய்ந்தபோது வேறு ஒரு வழியைக் கையாண்டிருந்தார்கள். எழுத்தே இல்லாத மொழி என்றால், அதைப் பேசும் ஒருவரை எதிரில் உட்காரவைத்து, கேட்டு, திரும்பச் சொல்லி, சரிபார்த்து, அதன் அமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடிப்பார்கள். 1942-இல் ப்ளூம்ஃபீல்டு இதை ஒரு சிறு வழிகாட்டி நூலாக எழுதினார். ராணுவம் தொடங்கிய சிறப்புப் பயிற்சித் திட்டத்தில் 1943 தொடக்கத்திலேயே 55 பல்கலைக்கழகங்கள் சேர்ந்திருந்தன. சிறு குழு, பேசிக் காட்ட அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், மேற்பார்வைக்கு ஒரு மொழியியலாளர், நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். பலன் இருந்தது.

பின்னால் வந்தவர்கள் இந்த வெற்றியைத் திரும்பச் சொல்லும் பயிற்சியின் கணக்கில் எழுதிவிட்டார்கள். என் பார்வையில் அது பாதிதான் சரி. அந்த வகுப்பில் இருந்தவர்கள் வயது வந்தவர்கள், காரணம் தெரிந்து படித்தவர்கள். கையில் நேரம் இருந்தது, சந்தேகம் கேட்க எதிரில் ஆள் இருந்தார். பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது பயிற்சி மட்டும்தான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஃப்ரீஸ் வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வாயில் ஊறும்வரை சொல்லவைக்கும் பாடத்திட்டத்தை வகுத்தார். 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்காவுக்குப் பதற்றம் பிடித்தது. அடுத்த ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அந்தப் பணத்தில் பள்ளிதோறும் ஒலிநாடாவும் ஹெட்ஃபோனும் கொண்ட மொழி ஆய்வகங்கள் முளைத்தன. யேல் பல்கலைக்கழகத்தின் நெல்சன் ப்ரூக்ஸ் இதற்கு ஆடியோலிங்குவல் முறை என்று பெயர் வைத்தார். உங்கள் ஆசிரியருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் "வாய்க்குப் பழகினால் தானாக வரும்" என்பது அந்தக் காலத்து அடிப்படைக் கொள்கையேதான்.

அந்தக் கொள்கைக்கு உளவியல் துணையும் கிடைத்தது. தூண்டல், எதிர்வினை, பாராட்டு என்ற சங்கிலியால் எந்தப் பழக்கத்தையும் உண்டாக்கலாம் என்று அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் வழியில் வந்தவர்கள் சொன்னார்கள். மொழியும் பழக்கங்களின் தொகுப்பு என்றால் தவறு என்பது கெட்ட பழக்கம். கெட்ட பழக்கம் வேர்விடக் கூடாதென்றால், முன்னால் சொல்லிக்காட்டாத எதையும் மாணவர் சொல்லக் கூடாது. கோளாறு தொடங்கியது இந்தக் கடைசி முடிவில்தான் என்பேன். மாணவர் தானாக ஒரு வாக்கியத்தைக் கட்டிப் பார்க்கும் வாய்ப்பை அது பறித்துவிட்டது. 1959-இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி, ஸ்கின்னரின் நூலுக்கு எழுதிய மதிப்புரையில் இந்த அடித்தளத்தையே கேள்வி கேட்டார். நாம் பேசும் வாக்கியங்களில் பெரும்பாலானவை முன்பு யாரும் அப்படியே சொல்லிக் கேட்டவை அல்ல, பிறகு அவை எப்படிப் பழக்கமாகும்? ஜெர்மன் குழந்தைகள் 'பாடினேன்' என்பதற்கு வரவேண்டிய 'கெஸுங்கன்' என்ற வடிவத்துக்குப் பதிலாகக் கொஞ்ச காலம் 'கெஸிங்ட்' என்று சொல்வதுண்டு. எந்தப் பெரியவரும் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார். குழந்தை ஒரு விதியைத் தானே ஊகித்து, அதை இல்லாத இடத்திலும் போட்டுப் பார்க்கிறது.

கொள்கைச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், வகுப்பறையில் என்ன நடந்தது என்று பார்த்தவர்களும் உண்டு. உங்களுக்குப் பொருத்தமான ஆய்வு ஒன்று ஜெர்மன் மொழியிலேயே நடந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஷெரர், வெர்த்தைமர் என்ற இருவர் ஒரு குழுவுக்கு இந்த முறையிலும் இன்னொன்றுக்குப் பழைய இலக்கண முறையிலும் ஜெர்மன் கற்பித்து, இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்து, 1964-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆண்டு முடிவில் கேட்டுப் பழகியவர்கள் கேட்பதிலும் பேசுவதிலும் முன்னால் நின்றார்கள், இலக்கண முறையில் படித்தவர்கள் வாசிப்பிலும் எழுத்திலும் முன்னால் நின்றார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் வேறுபாடுகளில் பெரும்பகுதி சுருங்கிவிட்டது. அதே பத்தாண்டின் இறுதியில் பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளில் பிரெஞ்சும் ஜெர்மனும் படித்த மாணவர்களை வைத்துப் பெரிய அளவில் ஒப்பிட்டபோதும், பழைய முறை வகுப்புகள் பின்தங்கவில்லை. வாசிப்பில் அவையே முன்னால் இருந்தன. மொழி ஆய்வகம் இருந்ததாலும் கணிசமான வித்தியாசம் தெரியவில்லை. இப்படிப்பட்ட ஒப்பீடுகளை நானும் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு முறையின் பெயரைக் கதவில் எழுதிவிட்டால் உள்ளே ஆசிரியர் அதைத்தான் செய்கிறார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எதை அதிகம் செய்கிறோமோ அதுதான் வளர்கிறது என்ற பாடம் மட்டும் எல்லா ஆய்விலும் திரும்பத் திரும்ப வருகிறது. பின்னாளில் ராபர்ட் டிகைசர் 1997-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. புரிந்துகொள்ளும் பயிற்சி புரிதலை வேகப்படுத்துகிறது, அதே வேகம் பேச்சுக்கு அப்படியே கைமாறுவதில்லை. பேச்சை வேகப்படுத்தப் பேச்சுப் பயிற்சிதான் வேண்டும்.

சரி, கேட்டுத் திரும்பச் சொல்வது எங்கே உண்மையிலேயே பலன் தருகிறது? முதலில் ஒலி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெர்மனில் 'ஷ்டட்' என்றால் நகரம், 'ஷ்டாட்' என்றால் அரசு. குறில், நெடிலோடு வளர்ந்த நமக்கு இந்த வேறுபாடு முதல் நாளிலேயே காதில் விழும். வேறு பல நாட்டு மாணவர்கள் இதற்குத் திணறுவார்கள். ஆனால் 'கிஸ்ஸன்' என்றால் தலையணை. இகரத்தைச் சொல்லும் நாக்கை அப்படியே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் குவித்தால் அதே சொல் 'முத்தமிட' என்று ஆகிவிடும். அந்த உயிரொலி தமிழில் இல்லை. படுக்கையில் இருப்பவருக்குத் தலையணை வேண்டுமா என்று நாள்தோறும் கேட்கப்போகிற உங்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. விளக்கம் கேட்டால் மட்டும் இது வராது. உதட்டைக் கண்ணாடியில் பார்த்துச் சொல்லிச் சொல்லித்தான் வரும்.

அதிலும் எத்தனை முறை கேட்கிறீர்கள் என்பதோடு எத்தனை பேர் குரலில் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஆங்கிலத்தின் 'ர', 'ல' ஒலிகளைப் பிரித்தறியத் திணறும் ஜப்பானியர்களுக்கு 1990-களின் தொடக்கத்தில் பிசோனி குழுவினர் அமெரிக்காவில் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பல பேர் குரலில் கேட்டவர்கள், அதுவரை கேட்டிராத புதிய குரல்களிலும் அந்த ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். ஒரே குரலில் பழகியவர்களுக்கு அந்தப் பலன் புதிய குரலுக்குப் பரவவில்லை. காதைப் பழக்கியதில் உச்சரிப்பும் மேம்பட்டதாக 1997-இல் வந்த தொடர் ஆய்வு காட்டியது. உங்கள் வகுப்பில் நான்கு மாதமாக ஒரே உரையாடலில் ஒரே இருவர் குரல்தான் ஒலிக்கிறது என்றால், வீடியோ அழைப்பில் வேறொருவர் பேசியபோது நீங்கள் தடுமாறியதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல வானொலி ஒரே செய்தியை மெதுவாகவும் இயல்பு வேகத்திலும் வாசித்து இணையத்தில் இலவசமாகத் தருகிறது. வாசிப்பவர்களும் மாறுவார்கள். இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

இரண்டாவது, முழுசாக எடுத்து வைத்துக்கொள்ளும் வாக்கியங்கள். வார்டில் நீங்கள் நாளுக்கு இருபது தடவை சொல்லப்போகும் வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. 'வோ ஹாபன் ஸீ ஷ்மெர்ட்சன்?', அதாவது 'எங்கே வலிக்கிறது?', நினைக்காமல் வாயில் வர வேண்டும். பழைய ஆடியோலிங்குவல் வகுப்புகளில் இதற்கு ஓர் அருமையான உத்தி உண்டு. நான் இன்னும் அதை விடவில்லை. நீண்ட வாக்கியத்தைக் கடைசியிலிருந்து கட்டிக்கொண்டு வருவது. 'இஷ் முஸ் ஈனன் யெட்ஸ்ட் ப்ளூட் அப்நேமன்' என்பது, 'நான் உங்களுக்கு இப்போது ரத்தம் எடுக்க வேண்டும்' என்று பேஷண்டிடம் சொல்லும் வாக்கியம். முதலில் 'அப்நேமன்' மட்டும். பிறகு 'ப்ளூட் அப்நேமன்'. பிறகு 'யெட்ஸ்ட் ப்ளூட் அப்நேமன்'. இப்படிப் பின்னாலிருந்து வந்தால் வாக்கியத்தின் முடிவு தேய்ந்துபோகாது, மூச்சும் இடையில் முறியாது. நம் மாணவர்களுக்கு இதில் ஓர் ஆச்சரியமும் காத்திருக்கிறது. 'ஈனன் யெட்ஸ்ட் ப்ளூட் அப்நேமன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் 'உங்களுக்கு இப்போது ரத்தம் எடுக்க' என்றே அமையும். வரிசை அப்படியே நம்முடையது. ஆங்கில வரிசையை மனதில் வைத்துக்கொண்டு வருபவர்தான் இங்கே தடுமாறுவார்.

தமிழைத் துணைக்கு அழைப்பது ஜெர்மன் வகுப்புகளில் அரிதாகவே நடக்கிறது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. 'எனக்குக் குளிர்கிறது' என்பது ஜெர்மனில் 'மீர் இஸ்ட் கல்ட்', 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பது 'மீர் டூட் டேர் கோப்ஃப் வே'. இரண்டிலும் 'மீர்' நம் 'எனக்கு' போலவே நான்காம் வேற்றுமை. ஆனால் ஆங்கிலத்தின் வழியாக ஜெர்மனுக்கு வரும் நம் பிள்ளைகள் 'இஷ் பின் கல்ட்', அதாவது 'நான் குளிர்ச்சியாக இருக்கிறேன்' என்பதுபோல் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். 'வைல்' என்று தொடங்கும் காரண வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகும் என்று விதி சொன்னதும் பயப்படுகிறார்கள். 'நோயாளிக்கு வலி இருப்பதால்' என்று வினையைக் கடைசியில் வைத்தே வாழ்நாளெல்லாம் பேசியவர்களுக்கு அதில் பயப்பட என்ன இருக்கிறது? தாய்மொழியையும் புதுமொழியையும் ஒப்பிட்டால் எங்கே கஷ்டம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று 1957-இல் ராபர்ட் லாடோ வாதிட்டார். அது அவ்வளவு துல்லியமாகப் பலிக்கவில்லை. தாய்மொழியோடு தொடர்பே இல்லாத தவறுகளும் நிறைய வருகின்றன என்று 1970-களில் தெரிந்தது. ஆனாலும் கற்பவருக்கு ஒரு விஷயத்தை விளங்கவைக்க ஒப்பீட்டைப்போல் உதவுவது குறைவு. கணிப்புக்கு இல்லாவிட்டாலும் விளக்கத்துக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

இப்போது உங்கள் வகுப்பில் பயிற்சி எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கு வருகிறேன். 'இஷ் கேப டேம் பாட்சியென்டன் டாஸ் மெடிகமென்ட்', அதாவது 'நான் நோயாளிக்கு மருந்து கொடுக்கிறேன்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் 'டாஸ் வாஸர்' என்கிறார், நீங்கள் மருந்தை எடுத்துவிட்டுத் தண்ணீரை வைத்துச் சொல்கிறீர்கள். 'வாஸர்' என்றால் என்ன என்றே தெரியாதவரும் இந்தப் பயிற்சியை முழு மதிப்பெண்ணோடு முடித்துவிடலாம். ஒரு சொல்லை உருவி இன்னொன்றைச் செருகுவது தவிர மனதுக்கு அங்கே வேலை இல்லை. கிறிஸ்டினா பால்ஸ்டன் என்ற ஆய்வாளர் 1970 வாக்கில் பயிற்சிகளைப் படிகளாகப் பிரித்தபோது இதை இயந்திரப் பயிற்சி என்று முதல் படியில் வைத்தார். அடுத்த படியில், பொருள் புரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். அதற்கும் மேல், உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை நீங்கள் சொல்ல வேண்டும், கேட்பவருக்கு அது புதுத் தகவலாக இருக்க வேண்டும். வீடியோ அழைப்பில் நடந்தது மூன்றாவது படி. நான்கு மாதமாக நீங்கள் ஏறியது முதல் படி மட்டும். பேச்சு வரவில்லை என்பதில் வியப்பே இல்லை.

அதே வாக்கியத்தை வைத்தே மேலே ஏறலாம். இந்த முறை மருந்தை விட்டுவிட்டு ஆளை மாற்றுங்கள். ஆண் நோயாளி என்றால் 'டேம் பாட்சியென்டன்', பெண் என்றால் 'டேர் பாட்சியென்டின்', குழந்தை என்றால் 'டேம் கின்ட்'. இப்போது ஒவ்வொரு முறையும் பாலைப் பார்த்து ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். நமக்கு நோயாளிக்கு, குழந்தைக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'கு' போதும். அதனால் இந்தத் தேர்வு காதில் தானாக விழாது. உங்கள் ஆசிரியரிடமிருந்து நான் முழுதாக விலகுவது இங்கேதான். ஐந்து நிமிடம் ஒரு சின்ன அட்டவணை போட்டுக் காட்டிவிட்டுப் பயிற்சியைத் தொடங்கினால், எதைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்று காதுக்குத் தெரிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தை மறுத்துவிட்டு ஐந்து வாரம் திரும்பச் சொல்லவைப்பது பெரியவர்களின் நேரத்தை வீணாக்குவது. மூன்றாவது படிக்கு, வார்டில் நான்கு பேர், நான்கு மருந்து என்று நீங்களே ஒரு சார்ட் எழுதி, அதைப் பார்க்காத தோழியிடம் யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். அவர் அதைக் கேட்டு எழுத வேண்டும். எழுதியது தப்பானால் இருவருக்கும் உடனே தெரியும்.

இன்னொரு மாற்றமும் உடனே செய்யலாம். ஒலிப்பதிவு சொன்னதும் சொல்வது ஒன்று, ஒலிப்பதிவு சொல்வதற்கு முன் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது வேறு. நினைவிலிருந்து எடுப்பது, மறுபடி மறுபடி பார்ப்பதைவிட அதிக காலம் மனதில் நிற்கவைக்கிறது என்பது கற்றல் உளவியலில் உறுதியாக நிறுவப்பட்ட விஷயங்களில் ஒன்று. ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனைகள் அதற்குப் பரவலாக அறியப்பட்ட சான்று. பால் பிம்ஸ்லர் 1967-லேயே ஒரு கால வரிசையைப் பரிந்துரைத்தார். ஒரு சொல்லை 5 விநாடி கழித்து, 25 விநாடி கழித்து, பிறகு 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி நேரம், 5 மணி நேரம், 1 நாள், 5 நாள், 25 நாள் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போய் நினைவுகூர்வது. இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இடைவெளி விடுவது பலன் தரும் என்பது உறுதி, இந்த இடைவெளிகள்தான் சிறந்தவை என்பது உறுதியில்லை. வீட்டில் உரையாடலை ஓடவிட்டு, ஒருவர் கேள்வி கேட்டதும் நிறுத்துங்கள். பதிலை நீங்கள் சொல்லுங்கள். பிறகு ஓடவிட்டு ஒப்பிடுங்கள். நூறு முறை கூடவே சொல்வதைவிடப் பத்து முறை இப்படிச் செய்வது மேல் என்பது என் அனுபவம்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. இலக்கணத்தை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டுமா என்பதில் துறைக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நாரிஸ், ஒர்டேகா இருவரும் 2000-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெளிப்படையாக விளக்கியதே அதிகப் பலன் தந்ததாகத் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் வைத்த தேர்வுகள் பல விதியைத் தெரிந்தவருக்கே சாதகமானவை என்பதை அவர்களே குறிப்பிட்டார்கள். புரியும்படியான பேச்சை நிறையக் கேட்டாலே போதும் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷனின் கருத்துக்கும் இன்றுவரை ஆதரவாளர்கள் உண்டு. கனடாவில் பிரெஞ்சு வழியில் ஆண்டுக்கணக்காகப் படித்த ஆங்கிலக் குழந்தைகள் நன்றாகப் புரிந்துகொண்டும் பேச்சில் இலக்கணப் பிழையோடு நின்றதைப் பார்த்த பிறகு, மெரில் ஸ்வெய்ன் 1985-இல் பேசவைப்பதும் வேண்டும் என்று வாதிட்டார். என் வகுப்பில் நான் பார்ப்பது ஸ்வெய்ன் பக்கம் சாய்கிறது. ஆனால் என் மாணவர்கள் தேர்வுக்கும் வேலைக்கும் அவசரமாகப் படிப்பவர்கள். பத்து ஆண்டு நிதானமாகப் படிக்கும் ஒருவருக்கு அது பொருந்தாமல் போகலாம்.

ஒலிப்பதிவின் நிழலாகக் கூடவே பேசிக்கொண்டு போகும் 'ஷேடோயிங்' பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஜப்பானில் இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். வேகமான பேச்சைக் காது பிடிப்பதற்கும் ஏற்ற இறக்கத்துக்கும் உதவுகிறது, அதை நானும் பார்த்திருக்கிறேன். சொந்த வாக்கியம் பேச அது உதவும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தவறுகளை உடனுக்குடன் திருத்த வேண்டுமா என்பதும் அப்படித்தான். ஆசிரியர் சரியான வடிவத்தைச் சும்மா திரும்பச் சொன்னால், மாணவர்கள் பல நேரம் அது தங்களுக்கான திருத்தம் என்றே கவனிப்பதில்லை என்று 1997-இல் லிஸ்டர், ரான்டா இருவரும் காட்டினார்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தித் திருத்தினால் பேச்சே அடங்கிவிடும். மாணவர் பேசி முடித்த பிறகு நான் இரண்டு தவறுகளை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். இதற்கு ஆய்வுச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை. தவறைக் கெட்ட பழக்கமாகப் பார்க்க வேண்டியதில்லை, மாணவர் எந்த விதியை ஊகித்திருக்கிறார் என்று காட்டும் தடயமாகப் பார்க்கலாம் என்று பிட் கோர்டர் 1967-இல் எழுதியதை மட்டும் முழுக்க நம்புகிறேன். உங்கள் தவறுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்து எந்த ஐந்து நிமிட விளக்கம் தேவை என்று அதுவே சொல்லும்.

வகுப்பை விட்டுவிடலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இப்போதே வேண்டாம். உச்சரிப்பில் அக்கறையுள்ள ஆசிரியர் கிடைப்பது எளிதல்ல. நான்கு மாதத்தில் வாயில் ஏறிய வாக்கியங்கள் எங்கேயும் போய்விடாது. அவரிடம் முறை சரியில்லை என்று சொன்னால் மனம் புண்படும், பலனும் இருக்காது. "மேடம், கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் இதே வாக்கியத்தை வைத்து நாங்களே ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இலக்கணத்துக்கு ஒரு எளிய புத்தகம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வகுப்பில் சொன்ன வாக்கியத்தில் இருந்த அமைப்பை மட்டும் அன்றைக்கே பாருங்கள், முன்னால் ஓட வேண்டாம். எழுத்தை எக்காரணத்தாலும் தள்ளிப்போடாதீர்கள். கோத்தே நிறுவனத்தின் பி2 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுத்தாக வேண்டும். பேச்சுப் பகுதியில் ஒரு தலைப்பைப் பற்றிச் சிறு உரை, பிறகு எதிரில் இருப்பவரோடு வாதம். எழுத்தில் உங்கள் கருத்தைச் சொல்லி ஒரு பதிவு. வாதத்தில் எதிரில் இருப்பவர் என்ன சொல்வார் என்று யாராலும் முன்கூட்டியே மனப்பாடம் செய்ய முடியாது.

வீட்டில் தினமும் செய்ய ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன். ட்யூட்டி மாறும்போது ஹேண்ட்ஓவர் கொடுப்பீர்கள் அல்லவா? இரவில் படுக்கும் முன், அன்று வார்டில் பார்த்த ஒரு பேஷண்டைப் பற்றி, பெயர் சொல்லாமல், ஜெர்மனில் இரண்டு நிமிடம் ஹேண்ட்ஓவர் கொடுத்து ஃபோனில் பதிவு செய்யுங்கள். என்ன பிரச்சினை, எங்கே வலி, பிபி எவ்வளவு, என்ன மருந்து கொடுத்தீர்கள், காலையில் வருபவர் என்ன செய்ய வேண்டும். சொல் தெரியாத இடத்தில் நிறுத்தாமல் தமிழ்ச் சொல்லைப் போட்டுக்கொண்டு போங்கள், அடுத்த நாள் அந்தச் சொல்லை மட்டும் தேடுங்கள். நான்கு வாரம் கழித்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். உச்சரிப்பைப் பார்க்க வேண்டாம், அது எப்படியும் கூடியிருக்கும். வகுப்பில் சொல்லித்தராத வாக்கியங்கள் எத்தனை வந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். கூடியிருந்தால் இதே வகுப்பில் தொடரலாம். கொஞ்சமும் கூடவில்லை என்றால், அப்போது வேறு வகுப்பு தேடுங்கள். சேரும் முன் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் தாங்களாக எத்தனை நிமிடம் பேசுகிறார்கள் என்று பாருங்கள்.